நூற்றுக்கு நூறு வந்த வழி

2015 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானபோது, 500க்கு 499 வாங்கி மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். இரண்டாமிடத்தில் 192 பேர், மூன்றாமிடத்தில் 540 பேர். முதல் மூன்று இடங்களை மட்டும் 773 பிள்ளைகள் பகிர்ந்துகொண்டார்கள். மூன்றே ஆண்டுகளுக்கு முன்னால், 2012இல், 496 மதிப்பெண்ணோடு ஒரே ஒரு மாணவர் முதலிடத்தில் நின்றிருந்தார். 2013இல் ஒன்பது பேர், 2014இல் பத்தொன்பது பேர், அடுத்து நாற்பத்தொருவர் என்று முதலிடத்தில் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

பிள்ளைகள் முன்பைவிடக் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். திருத்துபவர்கள் அள்ளிப் போடுகிறார்கள் என்று இன்னொரு சாரார் சலித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் மதிப்பெண் ஏறிய வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இரண்டு பேச்சுமே போதாது என்று தெரியும். ஏறியவை இரண்டு. தேர்ச்சி பெறுவோர் தொகை ஏறியது ஒன்று. உச்சியில் இருப்பவர்களின் மதிப்பெண் ஏறியது மற்றொன்று. காரணமும் விளைவும் இரண்டுக்கும் வேறு. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதற்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்கள்.

*

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதன்மையான வேலை பாடம் நடத்துவதல்ல, தேர்வு நடத்துவதுதான். அந்தத் தேர்வுகளின் வேலையோ வடிகட்டுவது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டம் நின்றுபோனது. பி.ஏ. வரை போய்த் தவறியதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

அந்தத் தேர்வுகளின் கண்டிப்புக்கு சீனிவாச ராமானுஜனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவர் அவர். ராங்க் மோகம் நம் காலத்தில் பிறந்ததல்ல என்பதற்கும் இதுவே சான்று. 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான பரிசைப் பெற்றபோது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவன் இந்தப் பையன் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பாராட்டினார். ஆனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போனது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும் என்ற விதிக்கு ஒரு மேதையின் கணிதம் பொருட்டாகவில்லை. மதிப்பெண் குறைவாகப் போட்ட காலம் என்பதாலேயே அதை நேர்மையான காலம், தரமான காலம் என்று ஏக்கத்தோடு பேசுபவர்கள் இந்த ஒரு வாழ்க்கையையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். கஞ்சமான மதிப்பெண்ணும் ஆளைத் தவறாக அளக்கும்.

1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. அதன் சான்றிதழ் ஒற்றைத் தாள் அல்ல, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம். அங்க அடையாளங்கள், பிறந்த தேதி, பள்ளியில் வாங்கிய மதிப்பெண்கள், அரசுத் தேர்வு மதிப்பெண்கள், தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குப் போனாலும் கல்லூரிக்குப் போனாலும் ‘எஸ்.எஸ்.எல்.சி. புக்’கைத்தான் முதலில் கேட்பார்கள். பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, பி.யூ.சி. ஓராண்டு கல்லூரியில் நடந்த அந்த ஏற்பாடு 1978 வரை நீடித்தது. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குள் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. ஆறு பாடம், பாடத்துக்கு 200, மொத்தம் 1,200. அடுத்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தமிழ்க் குடும்பங்களின் கோடைக்காலத்தை ஆட்டிவைத்த எண் இது. மாலைப் பத்திரிகையின் சிறப்புப் பதிப்பில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பதிவெண்களை விரலால் தடவித் தேடிய ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது.

*

அந்த 1,200ஐ வெறும் சான்றிதழாக இருக்கவிடாமல் செய்தது மருத்துவ, பொறியியல் இடங்களுக்கான போட்டி. அதற்கு முந்தைய காலத்தில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கும் மதிப்பெண் உண்டு. அந்த நேர்காணல் நடந்த விதம் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கண்டனத்துக்கு உள்ளானது. 1984இல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 100க்கு வைத்து, 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

நுழைவுத் தேர்வு என்றதும் பயிற்சி மையங்கள் முளைத்தன. பணமும் நகரமும் கைக்கெட்டாத பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வை நன்றாக எழுதிவிட்டு இந்த நூறில் தோற்றார்கள். 2005இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை நீக்க முயன்றபோது உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துச் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோல் ஆனது.

நியாயமான முடிவுதான். கிராமத்துப் பிள்ளைக்கு அவன் படித்த பள்ளியின் தேர்வே வழி திறக்கட்டும் என்ற எண்ணத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் முடிவோடு சேர்ந்து செய்திருக்க வேண்டிய ஒன்று பத்து ஆண்டுகள் செய்யப்படாமலே கிடந்தது. ஒரு மாநிலத்தின் மருத்துவ இடங்கள் அனைத்தையும் பங்கிட வேண்டிய பாரம் இந்தத் தேர்வின் மேல் விழுந்துவிட்டது. கேள்வித்தாளோ பழைய கேள்வித்தாளாகவே இருந்தது.

அந்தக் கேள்வித்தாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிளஸ் டூ கணிதம், 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 40. ஆறு மதிப்பெண் கேள்விகள் 16இல் 10. பத்து மதிப்பெண் கேள்விகள் 16இல் 10. ஒரு மதிப்பெண் கேள்விகள் பாடநூலில் அத்தியாயங்களின் முடிவிலிருந்தும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட வினா வங்கியிலிருந்தும் வரும். அணிகளில் இத்தனை, வெக்டரில் இத்தனை, கலப்பெண்களில் இத்தனை என்று எந்த அத்தியாயத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்பதை ‘ப்ளூ பிரிண்ட்’ முன்கூட்டியே சொல்லிவிடும். கட்டாயம் எழுத வேண்டிய 55ஆம் கேள்வியும் 70ஆம் கேள்வியும்தான் கொஞ்சம் பயமுறுத்தும். அவற்றிலும் ‘அல்லது’ உண்டு. எதைப் படிக்க வேண்டும் என்பதோடு எதை விட்டுவிடலாம் என்பதும் மாணவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தேர்ச்சி பெறத் தவிக்கும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆதரவு. இந்த நான்கு பாடத்தை மட்டும் பார், கரையேறிவிடலாம் என்று ஆசிரியர் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. அதே ஏற்பாடு மேல்தட்டில் வேறு வேலையைச் செய்தது. பாடநூலின் அத்தனை கணக்கையும் பத்து முறை போட்டுப் பார்த்த மாணவருக்குத் தேர்வறையில் புதிதாகச் சந்திக்க எதுவும் மிச்சமிருக்காது.

விடைத்தாள் திருத்தும் முகாம்களிலும் இதே ஒழுங்குதான். சூத்திரம் எழுதினால் இவ்வளவு, பிரதியிட்டால் இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று படிப்படியாக மதிப்பெண் பிரித்த விடைக்குறிப்பு மேசை தோறும் இருக்கும். கேள்வி தவறாக அச்சாகியிருந்தால், எழுத முயன்றவர்களுக்கு முழு மதிப்பெண் வழங்கச் சொல்லி உத்தரவு வரும். இதில் ஆசிரியர்களின் தாராளம் என்று குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கான தாள்களை ஒரே மாதிரி திருத்த வேறு வழி கிடையாது. அப்படித் திருத்தும்போது, பாடநூலின் வரியை வரி மாறாமல் எழுதியவருக்கு முழு மதிப்பெண் மறுக்க யாராலும் முடியாது.

இதைத் தொழிலாகவே முழுமையாக்கிக் காட்டின நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள். கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற ஊர்கள் மதிப்பெண்ணுக்கும் பெயர்பெற்றன. தென்மாவட்டங்களிலிருந்து நிலத்தை விற்றுப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர் உண்டு. விடியற்காலை தொடங்கி இரவு வரை படிப்பு, அன்றாடம் தேர்வு, வாரத் தேர்வு, மாதிரித் தேர்வு. இவையெல்லாம் கூடப் பரவாயில்லை. பதினோராம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிட்டதுதான் அங்கே நடந்த பெரிய இழப்பு. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. கட்-ஆஃபில் அதற்கு இடமில்லை. எனவே அந்தப் பாடம் பலருக்கு நடத்தப்படவே இல்லை. முக்கோணவியலும் இயக்கவியலும் வேதிப்பிணைப்பின் அடிப்படைகளும் இருந்த ஓர் ஆண்டு அப்படியே காணாமல் போனது. இந்த வழி நாமக்கல்லோடு நிற்கவில்லை. மற்ற மாவட்டங்களின் தனியார் பள்ளிகளும் அதைப் பின்பற்றின.

மாநில முதலிடத்தின் மதிப்பெண் 2012இலும் 2013இலும் 1,189. 2014இல் 1,193, 2016இல் 1,195. தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களே மாநில இடத்துக்குத் தகுதியானவர்கள் என்பதால், தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து இழந்த அந்தச் சில மதிப்பெண்தான் இடைவெளி. மற்ற நான்கு பாடங்களில் 200க்கு 200, அதாவது ‘சென்டம்’, என்பது எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டது.

மதிப்பெண் மாணவரை அளந்ததா, கேள்வித்தாளை அளந்ததா என்பதற்கு இயற்பியல் பதில் சொல்கிறது. 2013இல் அந்தப் பாடத்தில் சென்டம் எடுத்தவர்கள் 36 பேர். 2014இல் 2,710 பேர். 2015இல் 124. 2016இல் வெறும் 5 பேர். நான்கே ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் இயற்பியல் அறிவு எழுபத்தைந்து மடங்கு பெருகி மறுபடி காணாமல் போயிருக்க வாய்ப்பில்லை. கணிதத்தில் 2014இல் 3,882 ஆக இருந்த சென்டம் அடுத்த ஆண்டு 9,710 ஆனது. கடினமான ஆண்டில் எழுதியவர், எளிதான ஆண்டில் எழுதியவர் இருவருக்கும் சான்றிதழில் ஒரே வகை எண்தான். ஆனால் ஒருவருடைய 198க்கும் மற்றவருடைய 198க்கும் தொடர்பே இல்லை.

உச்சியில் இப்படி நெருக்கம் கூடியதும் ஒரே கட்-ஆஃபில் நிற்பவர்களைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. பொறியியல் கலந்தாய்வில் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம் என்று பார்த்தார்கள். அதிலும் சமமென்றால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால் ‘ரேண்டம் எண்’. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒதுக்கிய பத்திலக்க எண் அது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்து நிற்கும் பிள்ளைகளைப் பிரிக்கப் பிறந்தநாளும் குலுக்கலும் தேவைப்பட்ட இடத்தில், மதிப்பெண் தன் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். அப்படித் தேர்வாகிப் பெரிய கல்லூரிகளில் நுழைந்தவர்களில் பலர் முதல் பருவத்துக் கணிதத்திலேயே அரியர் வைத்தார்கள். பிளஸ் ஒன்னில் நடத்தாமல் விட்ட முக்கோணவியலையும் வகைநுண்கணிதத்தின் அடிப்படையையும் கல்லூரிப் பேராசிரியர், தெரிந்திருக்கும் என்று நம்பிக் கடந்து போய்விடுவார்.

*

இன்னொரு உயர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை. பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் 2010இல் 85.2 சதவீதம், 2025இல் 95.03 சதவீதம். இதையும் மேலே சொன்ன சென்டம் கதையோடு சேர்த்து மதிப்பெண் வீக்கம் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் அது அநியாயம். மதிய உணவு, விலையில்லாப் பாடநூல், மிதிவண்டி, பேருந்துப் பயணச்சலுகை என்று பல பத்தாண்டுகளாகச் செய்த வேலையால் பள்ளியில் தங்கிய பிள்ளைகள் இவர்கள். வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பெண் 1,200க்கு 620 எடுத்துத் தேறினால், அந்த 620 எந்த மருத்துவ இடத்துக்கும் போட்டியிடவில்லை. ஒரு கலைக் கல்லூரிக்கோ செவிலியர் படிப்புக்கோ அது வழி திறந்தது. அந்த வழியை அடைத்துத் தரத்தைக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்களோடு உடன்பட முடியாது. நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தியும், தனித்தேர்வராக எழுதச் சொல்லியும் ஒதுக்கிய பள்ளிகளின் குற்றம் தனி.

*

2017 மே மாதம், முதல் மூன்று இடப் பட்டியல் இனி வெளியாகாது என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன் அறிவித்தார். செய்தித்தாள்களில் மாநில முதலிடத்தின் புகைப்படங்களும், பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரங்களும் அந்த ஆண்டோடு ஓய்ந்தன. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1,200 என்பது 600 ஆனது. ப்ளூ பிரிண்ட் கைவிடப்பட்டு, பாடத்தின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி வரலாம் என்றானது. புதிய பாடத்திட்டம் உருவாக்கும் குழுவுக்குத் தலைவரும் அதே அனந்தகிருஷ்ணன்தான். நுழைவுத் தேர்வை நீக்கச் சொன்னவரே பத்து ஆண்டு கழித்து, பிளஸ் டூவுக்குள் விடுபட்டுப்போன பாதி வேலையை முடிக்க வந்தார்.

ஆனால் அந்த 2017இலேயே, மருத்துவச் சேர்க்கைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்துவிட்டது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1,176 எடுத்திருந்தார். மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் அவருக்குக் கிடைத்தது 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 1,176 பொய்யென்று ஒரு தரப்பும், 86 பொய்யென்று இன்னொரு தரப்பும் அதன்பின் பேசித் தீர்த்தன. அவர் பெற்ற மதிப்பெண்ணில் பொய் ஏதும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அரசு அவரிடம் எதைக் கேட்டதோ அதை முழுமையாகக் கொடுத்தார். கேட்பதைக் கடைசி ஆண்டில், எந்த அவகாசமும் தராமல் மாற்றினார்கள். தன் தேர்வைப் பத்து ஆண்டுகள் பழைய அச்சிலேயே ஓடவிட்ட மாநிலத்துக்கும், அவசரமாக வேறொன்றைத் திணித்த ஒன்றிய அரசுக்கும் அதில் பங்கு உண்டு.

பள்ளி மதிப்பெண்ணை நம்ப முடியாது என்று சொல்லி வந்த தேர்வும் அதே வழியில்தான் போனது. 2023இல் நீட்டில் 720க்கு 720 எடுத்தவர்கள் இருவர்; அதில் ஒருவர் தமிழ்நாட்டு மாணவர். 2024 ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது அப்படி எடுத்தவர்கள் 67 பேர். அவர்களில் 44 பேருக்கு, இயற்பியலில் ஒரே ஒரு கேள்விக்குப் பழைய பாடநூலும் புதிய பாடநூலும் வெவ்வேறு விடை சொன்னதால் இரண்டையும் சரியென ஏற்றதில் முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. வேறு சிலருக்கு நேரம் இழந்ததற்கான கருணை மதிப்பெண். வழக்குகளுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 17 ஆகச் சுருங்கியது. 2025இல் கேள்வித்தாள் கடினமாக வந்தது. அகில இந்திய முதலிடமே 686தான். தமிழ்நாட்டின் இயற்பியல் சென்டம் ஏறி இறங்கியதற்கும் இதற்கும் அச்சு அசலாக ஒரே காரணம். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில படிப்புகளுக்கு 100 சதவீதக் கட்-ஆஃப் வைக்கும் நிலைக்குப் போய், 2022இல் பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியதும் இதே பாதையில்தான்.

இங்கே பழைய வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. 2023இல் திண்டுக்கல் மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 600க்கு 600 எடுத்தார். தச்சுத் தொழிலாளியின் மகள், மாநிலமே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அதே ஆண்டு சென்டம் 3,649; 2024இல் 20,691; 2025இல் 1,996. ஓராண்டு கேள்வித்தாள் எளிதானதில் பதினேழாயிரம் பிள்ளைகள் கூடுதலாக நூறு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு எழுதிய தம்பி தங்கைகள் தாங்கள் அண்ணன் அக்காவைவிட மட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அவர்களிடம் உண்மையைச் சொல்ல யாரும் முனையவில்லை. கேள்வித்தாளின் கடினத்தை ஆண்டுக்கு ஆண்டு சமன் செய்து, மதிப்பெண்ணோடு அந்த மாணவர் அந்த ஆண்டுக் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பதையும் அச்சிட்டுக் கொடுத்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். தேர்வுத் துறையிடம் எல்லா எண்ணும் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் பாரம் பிள்ளைகளுக்குக் குறைந்தது, அது நல்லதே. ஆனால் அந்தத் தேர்வு எதற்காக வந்ததோ அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும்வரை, பதினோராம் வகுப்புப் புத்தகத்தை ஜூனிலேயே மூடிவைக்கும் ஆசை தனியார் விடுதிப் பள்ளிகளுக்கு இருக்கவே செய்யும். அந்தப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக்கு எந்த மாதம் எந்தப் பாடம் நடக்கிறது என்று முதன்மைக் கல்வி அலுவலர்கள் வகுப்பறைக்கே போய்ப் பார்க்க வேண்டிய ஆண்டுகள் இவை.